ஆர்.சி. புத்தகமும் கல்வெட்டும்: ஜீப் என்னும் பழம்பொருள்

பழைய பொருளொன்றை இருந்தபடியே காப்பது சிறப்பா, இன்றைய தேவைக்கேற்பத் திருத்திப் பயன்படுத்துவது சிறப்பா என்னும் வினா, கோயில் திருப்பணிகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எழுகின்றது. சுண்ணாம்பு பூசப்பட்ட கல்வெட்டுகளையும் மணல்வீச்சால் மழுங்கிய சிற்பங்களையும் கண்டு மனம் நொந்தவர்கள் ஒருபுறம். வழிபாடு நடக்கும் கோயிலை அருங்காட்சியகமாக்கிப் பூட்டிவைக்க முடியுமா என்று கேட்பவர்கள் மறுபுறம். இருசாராரிடமும் நியாயம் உண்டு. அதே வினாவை, வாசகர்கள் எதிர்பார்த்திராத ஒரு பொருளைக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய்ந்து பார்ப்போம். அப்பொருள் ஜீப்.

இலக்கியமும் கல்வெட்டும் பேசுகின்ற இடத்தில் ஜீப்புக்கு என்ன வேலை என்று சிலர் நகைக்கக்கூடும். ஆனால், ஏரிக்கரைகளும் மாட்டுவண்டித் தடங்களுமே வழிகளாயிருந்த உத்திரமேரூர் போன்ற வட்டாரங்களில், விடுதலைக்குப் பின் வந்த அரசு மக்கள் கண்ணுக்குப் பெரும்பாலும் ஜீப்பின் வடிவிலேயே தோன்றியது. எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக நம் ஊர்ப்புற வாழ்வோடு கலந்துவிட்ட பொருளுக்கு வரலாறு எழுதப்பட வேண்டாமா?

போர் பெற்ற பிள்ளை

1940-ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் போர் முற்றிக்கொண்டிருந்தபோது, அமெரிக்கத் தரைப்படை தன் நாட்டு மோட்டார் நிறுவனங்களிடம் ஒரு வண்டியைக் கேட்டது. அது சிறியதாக இருக்கவேண்டும். நான்கு சக்கரங்களும் இழுக்கவேண்டும். முதல் மாதிரி 49 நாள்களுக்குள் வந்து சேரவேண்டும். பென்சில்வேனியா மாநிலத்துப் பட்லர் நகரில் நலிந்துகொண்டிருந்த அமெரிக்கன் பாண்டம் என்னும் சிறு நிறுவனம் ஒன்றே இக்கெடுவுக்குள் மாதிரியை ஒப்படைத்தது. கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியாளர் சில நாள்களிலேயே அதன் வரைபடத்தை முடித்துக் கொடுத்தார். ஆயினும் இலட்சக்கணக்கில் செய்துதரும் வலிமை அந்நிறுவனத்துக்கு இல்லை. எனவே வில்லிஸ்-ஓவர்லாண்டும் ஃபோர்டும் உற்பத்தியைப் பெற்றன. போர் முடிவதற்குள் இவ்விரண்டும் ஏறத்தாழ 6,40,000 ஜீப்புகளைச் செய்து குவித்தன. பெற்றவள் ஒருத்தி, பேர் வாங்கியவர் இருவர் என்பது இங்கும் நிகழ்ந்தது.

‘ஜீப்’ என்னும் பெயர் எவ்வாறு வந்தது என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்தில்லை. ‘ஜி.பி.’ என்ற எழுத்துகள் மருவின என்பார் சிலர். 1936-இல் ‘பாப்பாய்’ சித்திரக்கதையில் தோன்றிய, எங்கும் புகுந்து வெளிவரும் ஒரு விந்தை விலங்கின் பெயர் என்பார் வேறு சிலர். பெயர்க்காரணம் தெளியாத போதும் பெயர் நிலைத்துவிட்டது.

போர் ஓய்ந்ததும் வாளைக் கலப்பையாக்கும் வேலை தொடங்கியது. 1945-இல் வில்லிஸ் நிறுவனம் உழவர்களுக்கான ஜீப்பை வெளியிட்டது. 1947-இல் அதன் முகத்தோடும் நான்கு சக்கர இழுவையோடும், பின்புறம் சரக்குத் தட்டு கொண்ட பிக்கப் லாரியும் வந்தது. இன்று மேலைநாடுகளில் பழைய வண்டி ஆர்வலர்கள் தேடியெடுத்து, காட்டுப்பாதைகளுக்கென மெருகேற்றும் வண்டிகளுள் இந்தப் பிக்கப்பும் ஒன்று. இங்கிலாந்தில் ரோவர் நிறுவனத்துப் பொறியாளர் மோரிஸ் வில்க்ஸ், தம் பண்ணையில் ஒரு போர்க்கால ஜீப்பை வைத்திருந்தார். அதற்கு ஈடான வண்டியைத் தாமே செய்தாலென்ன என்ற எண்ணத்தில் பிறந்ததே லேண்ட் ரோவர். அதன் முதல் மாதிரி ஜீப்பின் சேசிஸ் மீதே கட்டப்பட்டது. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் உலகம் அதனைக் கண்டது. எஃகுத் தட்டுப்பாட்டால் அதன் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். ஜீப்புக்கும் லேண்ட் ரோவருக்கும் உள்ள இவ்வுறவை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும்; பின்னர் இமயமலைச் சரிவில் அது நமக்குப் பயன்படும்.

பாரதத்துக்கு வந்த கதை

1945 அக்டோபர் 2-ஆம் நாள் ஜே.சி. மகிந்திரா, கே.சி. மகிந்திரா என்னும் உடன்பிறந்தாரும் மாலிக் குலாம் முகமதுவும் சேர்ந்து ‘மகிந்திரா அண்டு முகமது’ என்ற எஃகு வணிக நிறுவனத்தைத் தொடங்கினர். நாட்டுப் பிரிவினை இக்கூட்டையும் பிரித்தது. குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். பின்னர் அந்நாட்டின் தலைமை ஆளுநராகவும் உயர்ந்தார். இங்கிருந்த நிறுவனம் 1948-இல் ‘மகிந்திரா அண்டு மகிந்திரா’ ஆயிற்று. 1940-களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளைப் பாகங்களாக இறக்குமதி செய்து பம்பாயில் பூட்டத் தொடங்கிய இந்நிறுவனம், 1950-களில் உள்நாட்டிலேயே அவற்றைச் செய்யவும் முற்பட்டது.

அதே காலத்தில் ஜீப் நம் அரசியலிலும் ஒரு கறையை ஏற்படுத்தியது. 1948-இல் காஷ்மீர்ப் போரின் தேவைக்காக, இலண்டனில் இந்தியத் தூதராயிருந்த வி.கே. கிருஷ்ண மேனன், செப்பனிடப்பட்ட பழைய ஜீப்புகளை வாங்க ஒப்பந்தம் செய்தார். வந்தவை 155 மட்டுமே. அவையும் பயன்படுத்தத் தக்கனவாக இல்லை. சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் குற்றச்சாட்டு என்று பேசப்பட்ட இவ்விவகாரத்தை 1955-இல் அரசு முடித்துக்கொண்டது. பழைய வண்டியைச் செப்பனிடுதல் என்ற தொழிலின் மீது நம் நாட்டில் விழுந்த முதல் நிழல் இதுவே எனலாம். என்ன மாற்றப்பட்டது, எது பழையபடியே விடப்பட்டது என்று வாங்குபவருக்குத் தெரியாமற்போனால் நேரும் கேட்டுக்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

ஏரிக்கரையில் ஏறிய அரசு

1952 அக்டோபர் 2-ஆம் நாள், 55 இடங்களில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. அமெரிக்கத் தொழில்நுட்ப உதவியோடு வந்த இத்திட்டத்தில், அதிகாரிகள் ஊர்ஊராகச் செல்ல ஜீப்புகளும் வந்தன. பின்னர்ச் சென்னை மாநிலத்தில் 1958-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் வழியே ஊராட்சி ஒன்றியங்கள் உருவாயின. உத்திரமேரூரும் ஓர் ஒன்றியத்தின் தலையிடமாயிற்று. ‘பி.டி.ஓ. ஜீப்பு’ என்ற தொடர் ஊர்ப்புறத் தமிழில் இடம்பெற்றது இவ்வாறுதான்.

விதைநெல், உரம், அம்மைத் தடுப்பூசி, தேர்தல் பெட்டி என ஊருக்கு வந்த புதுமைகள் பலவும் ஜீப்பில் வந்தவையே. மழைக்காலத்தில் களிமண் வழுக்கும் வரப்புச் சாலையில் லாரியும் காரும் நின்றுவிட, ஜீப் மட்டும் ஊர்ந்துசெல்லும். அதற்குக் காரணம் அதன் வேகமன்று. மெதுவாகச் செல்லும் ஆற்றலே. வழக்கமான கியர்ப் பெட்டியோடு மற்றொரு பெட்டியும் அதில் உண்டு. அதன் சிறு நெம்புகோலைத் தள்ளினால் முன்சக்கரங்களும் இழுக்கத் தொடங்கும். இன்னொன்றைத் தள்ளினால் வேகம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு குறைந்து, இழுவை அதே அளவு கூடும். சேற்றில் சிக்கிய வண்டியை மீட்பதற்குச் சீற்றத்தைவிடப் பொறுமையே உதவும் என்னும் உண்மை அதன் பொறியமைப்பிலேயே பொதிந்திருந்தது.

தலைவர்கள் திறந்த ஜீப்பில் நின்று வாக்குக் கேட்டு வந்ததும் இக்காலத்தில்தான். காவல்துறை, வனத்துறை, மின்வாரியம் என எல்லாத் துறைகளும் ஜீப்பைப் பயன்படுத்தின. அரசு ஏலத்தில் கழித்துவிட்ட ஜீப்புகளைத் தனியார் வாங்கினர். அப்போது தொடங்கியது அவற்றின் இரண்டாம் பிறவி.

பட்டறையில் எழுதப்பட்ட வரலாறு

ஏலத்தில் வந்த ஜீப் பெரும்பாலும் பெட்ரோல் வண்டி. 1953-இல் வில்லிஸ் வெளியிட்ட சி.ஜே.-3பி என்னும் வகையில், உயரமான புதிய எஞ்சினுக்கு இடம்விட்டு பானெட்டை மேலே தூக்கியிருந்தார்கள். அமெரிக்காவில் 1968-இல் நின்றுபோன இவ்வடிவத்தை மகிந்திரா நெடுங்காலம் தொடர்ந்து செய்தது. ஆகவேதான் உயர்ந்த நெற்றியுடைய அந்த முகமே நம்மவர் மனத்தில் ஜீப்பின் முகமாகப் பதிந்துவிட்டது. 2.2 லிட்டர்ப் பெட்ரோல் எஞ்சின் உழைப்பாளிதான். ஆனால் எண்ணெயை நிறையவே குடித்தது. 1973-க்குப் பின் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியபோது, சொந்தமாக ஜீப் வைத்திருந்தவனுக்கு அது கட்டுப்படியாகவில்லை. டீசல் விலை குறைவு. தாழ்ந்த சுழற்சியிலேயே இழுவை கிடைக்கும். நீரில் இறங்கினாலும் தீப்பொறிக் கோளாறு இல்லை. எனவே பழைய எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றும் வேலை தமிழகப் பட்டறைகளில் பெருகியது.

மகிந்திரா நிறுவனமும் இவ்வழியிலேயே சென்றது. 1963-இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டருடன் கூட்டுச் சேர்ந்து டிராக்டர் செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. பின்னர் டீசல் எஞ்சின்களை ஜீப்பிலும் ஏற்றியது. 1980-களில் பிரான்சின் பெஜோ நிறுவனத்து 2,112 சி.சி. டீசல் எஞ்சினைத் தன் எம்.எம். 540 வகையில் பொருத்தியது. அமெரிக்க உடல், பிரெஞ்சு இதயம், இந்திய உழைப்பு என்று அவ்வண்டியைச் சொல்லலாம்.

இன்று ஒரு பழைய ஜீப்பை மலைத்தடத்துக்கு ஆயத்தப்படுத்துவோர் செய்யும் மாற்றங்கள் எஞ்சினோடு நிற்பதில்லை. போர்க்கால ஜீப்பின் 6 வோல்ட் மின்னமைப்பு விளக்கை மின்மினியாக்கும். அதனால் 12 வோல்ட்டுக்கு மாற்றுவர். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் இருந்த இடத்தில், முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வரும். மிதியின் அழுத்தத்தைப் பெருக்க பூஸ்டர் வரும். கையை ஒடிக்கும் ஸ்டீயரிங்குக்குப் பவர் துணை சேரும். தேய்ந்து தட்டையான ஸ்பிரிங் பட்டைகளை மாற்றி வண்டியைச் சற்றே உயர்த்துவர். ஆழமான பள்ளங்கள் கொண்ட டயர்கள் ஏறும். ஒரு சக்கரம் அந்தரத்தில் சுழலும்போது மற்றதும் நின்றுவிடாமலிருக்க ஆக்சிலுக்குள் பூட்டு அமைப்பர். முன்புறம் ‘வின்ச்’ என்னும் கம்பிவடச் சுருள் இருந்தால், வண்டி தன்னைத் தானே இழுத்து மேலேற்றிக்கொள்ளும்.

இத்தனையும் மாறியபின் எஞ்சுவது என்ன? சேசிஸ், பானெட், முகப்புக் கிராதி, ஆர்.சி. புத்தகம். சில வண்டிகளில் கடைசியில் சொன்னது மட்டுமே எஞ்சும்! பலகை ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட கப்பல் பழைய கப்பல்தானா என்று கிரேக்க அறிஞர்கள் எழுப்பிய புதிரை நம் பட்டறைக்காரர்கள் நாள்தோறும் கையால் விடுவித்து வருகிறார்கள். சேசிஸ் எண் அதுவே என்றால் வண்டியும் அதுவே என்பது அவர்களுடைய தத்துவம்.

இரண்டு மலைகள்

இம்மாற்றங்கள் வெறும் பொழுதுபோக்குக்கு எழுந்தவை என்று எண்ணிவிடலாகாது. தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர், கம்பம் வட்டாரங்களிலிருந்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் கூலிவேலைக்குச் செல்லும் பெண்களும் ஆண்களும் விடியற்காலையில் ஏறுவது ஜீப்பில்தான். போடிமெட்டுக் கொண்டைஊசி வளைவுகளில் அளவுக்கு மீறி ஆளேற்றிய ஜீப்புகள் கவிழ்ந்த துயரங்களும் உண்டு. அவ்வழியில் பிரேக் என்பது அலங்காரமன்று. பல குடும்பங்களின் உயிர். அதே மாவட்டத்தின் உச்சியில் 7,000 அடிக்கு மேல் அமைந்த கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தமிழகத்தில் இருப்பினும், அதற்கு வண்டிவழி கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்தே செல்கிறது. பாறைகள் துருத்தி நிற்கும் அத்தடத்தில் சுற்றுலா வருவோரை ஏற்றிச்செல்வதும் ஜீப்புகளே.

இன்னொரு மலை இமயத்தில் உள்ளது. மேற்கு வங்கத்தின் டார்ஜிலிங் மாவட்டத்தில், நேபாள எல்லையை ஒட்டி மானேபஞ்ஜாங் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூ சிகரத்துக்கு ஏறத்தாழ 31 கிலோமீட்டர். வெள்ளையர் காலத் தேயிலைத் துரைமார் விட்டுச்சென்ற லேண்ட் ரோவர்களைப் பல்லாண்டுகளாக அவ்வூர் மக்கள் அவ்வழியில் ஓட்டி வந்தனர். 1950-களின் வண்டிகள் அவை. லேண்ட் ரோவர் நிறுவனமே தன் 70-ஆம் ஆண்டுக் கொண்டாட்டத்தின்போது அவ்வூரைப் பற்றி ஒரு படமெடுத்து உலகுக்குக் காட்டியது.

அவ்வண்டிகளின் பானெட்டைத் திறந்தால், பலவற்றில் உள்ளே இருப்பது மகிந்திராவின் டீசல் எஞ்சின்! ஜீப்பைப் பார்த்துப் பிறந்தது லேண்ட் ரோவர். ஜீப்பின் இந்திய வழித்தோன்றலிடமிருந்து எஞ்சினைப் பெற்று அது முதுமையைக் கடந்தது. சரக்கறையில் துணிபோர்த்தி வைக்கப்பட்டிருந்தால் அவ்வண்டிகள் மெருகு குலையாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஓர் ஊரின் அடுப்பு எரிந்திராது.

சட்டம் கேட்கும் ‘மூலவடிவம்’

இனி, இவ்வண்டிகளைச் சட்டம் எவ்வாறு நோக்குகிறது என்று காண்போம். 2021 ஜூலையில் மத்திய அரசு, பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனிப் பதிவுமுறையை அறிவித்தது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்திருக்கவேண்டும், மூலவடிவம் பேணப்பட்டிருக்கவேண்டும், சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்பட்டிருத்தல் கூடாது. அன்றாடப் பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ அவற்றை ஓட்டலாகாது. கண்காட்சி, ஆய்வு, அணிவகுப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே இசைவு.

இதற்கு முன்னரே, 2019 ஜனவரியில், உற்பத்தியாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைக்கலாகாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை விளக்கி உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டுச் சட்டத்திருத்தம், விதிமீறி மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரை தண்டமோ ஆறுமாதம் வரை சிறையோ விதிக்க வழிசெய்தது. 2023 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டுகள் கடந்த அரசு வாகனங்களின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. பாதுகாப்புப் பணிக்கான சில சிறப்பு வாகனங்களுக்கு மட்டும் விலக்குண்டு. ஒன்றிய அலுவலகங்களின் பழைய ஜீப்புகள் இனி ஏலத்தில் மறுபிறவி எடுப்பதற்கில்லை. அவற்றின் முடிவு உடைப்புக் களமே.

இவ்விதிகளுக்குக் காரணங்கள் உள்ளன. பொருந்தாத எஞ்சினை ஏற்றிய வண்டியின் பிரேக் அதன் எடைக்குப் போதாமற்போகலாம். சாலையில் எதிரே வருபவனுக்கும் உயிர் உண்டு. மேலும், ‘ஆஃப்-ரோடு’ என்னும் பெயரால் காப்புக்காடுகளுக்குள்ளும் ஏரிகளின் நீர்ப்பிடிப்பிலும் வண்டியோட்டுவது, எந்த நிலம் ஜீப்பை வளர்த்ததோ அந்த நிலத்துக்கே செய்யும் தீங்கு. வேடந்தாங்கலின் பறவைகள் அண்டை ஏரிகளிலும் இரைதேடுவன என்பதை நம் வட்டாரத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

எனினும் ஒரு குறை தெரிகிறது. சட்டத்தின் கண்ணுக்கு இரண்டே பழைமைகள் தெரிகின்றன. ஒன்று, மாறாமல் நின்றது, அதற்கு மாலை. மற்றொன்று, மாறி உழைத்தது. அதற்கு உடைப்புக் களம். நம் நாட்டு ஜீப்புகளில் பெரும்பாலானவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. மாறாதது மட்டுமே பழையது என்றால், உழைத்தவர்களின் வரலாற்றுக்கு இடமேது?

கல்வெட்டு காட்டும் வழி

இதற்கு விடைதேட உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கே செல்வோம். குடவோலை முறையைக் கூறும் புகழ்பெற்ற முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இங்குள்ளன என்பதை அனைவரும் அறிவர். அவை ஒன்றன்று, இரண்டு என்பதைப் பலர் கருத்தில் கொள்வதில்லை. முதலாவது அவனது 12-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது கி.பி. 919. இரண்டாவது 14-ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 921. வாரியத்துக்கு நிற்பவர் 30 வயதுக்கு மேலும் 60 வயதுக்குள்ளும் இருக்கவேண்டும் என்றது முதலாவது. 35-க்கு மேல், 70-க்குள் என்று திருத்தியது இரண்டாவது. வேறு பல விதிகளும் விரிவாக்கப்பட்டன. இரண்டே ஆண்டுகளில் சபையார் தம் ஏற்பாட்டைச் செப்பனிட்டார்கள். ஆனால் பழைய கல்வெட்டை அவர்கள் செதுக்கி எறியவில்லை. இரண்டும் அதே கோயிலின் சுவரில் நின்றமையாலேயே, எது மாறியது, எப்போது மாறியது என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் அறிகின்றோம்.

திருமழபாடிக் கோயிலின் சான்று இன்னும் தெளிவானது. அக்கோயிலின் விமானத்தைப் பிரித்துக் கட்ட முதலாம் இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டபோது, சுவரிலிருந்த கல்வெட்டுகளையெல்லாம் முதலில் புத்தகத்தில் படியெடுக்கச் செய்தான். திருப்பணி முடிந்தபின், முதலாம் இராசேந்திரன் காலத்தில், அவை மீண்டும் புதுச்சுவரில் வெட்டப்பட்டன. கல் புதிது, செய்தி பழையது. மாற்றத்துக்கு முன் பதிவு என்பதே அவர்கள் கைக்கொண்ட நெறி.

ஜீப்புக்கும் இந்நெறியே பொருந்தும் என்பது நம் கருத்து. எஞ்சினை இறக்குமுன் அதன் எண்ணையும் வகையையும் எழுதிவைக்கவேண்டும். கழற்றிய பாகங்களுள் அரியவற்றைப் பழைய இரும்புக்குப் போடாமல் காக்கவேண்டும். எந்த ஆண்டில் எது மாறியது, ஏன் மாறியது என்பதற்கு ஒரு குறிப்பேடு இருக்கவேண்டும். மாற்றத்துக்கு முறையான ஏற்பும் ஆர்.சி. புத்தகத்தில் பதிவும் பெறவேண்டும். அரசும் தன் பங்குக்கு, சோதிக்கப்பட்டுப் பாதுகாப்பானவை என உறுதிசெய்யப்பட்ட, மாற்றங்கள் முறையாகப் பதியப்பட்ட பழைய வண்டிகளுக்கென மூன்றாவது வகையொன்றை ஏற்படுத்தலாம். உடைப்புக் களத்துக்குச் செல்லும் ஒன்றிய ஜீப்புகளுள் ஒன்றையேனும், அது சென்ற ஊர்களின் பட்டியலோடு மாவட்ட அருங்காட்சியகத்தில் நிறுத்தலாம்.

மூலவடிவம் என்று நாம் போற்றுகின்ற ஒவ்வொன்றும் ஒருகாலத்தில் வேறொன்றின் திருத்தமாகவே பிறந்தது. பாண்டம் மாதிரியை வில்லிஸ் திருத்தியது. வில்லிஸை மகிந்திரா திருத்தியது. மகிந்திராவைப் போடிப் பட்டறைக்காரர் திருத்தினார். முதல் இரண்டு திருத்தங்களுக்கும் நிறுவன வரலாறுகளில் பக்கங்கள் உண்டு. மூன்றாவது திருத்தமோ, கிரீஸ் படிந்த ஒரு கையின் நினைவில் மட்டும் இருக்கிறது. அக்கை ஓய்வதற்குள் அதனை எழுதிவைப்பது நம் தலைமுறையின் கடன்.